மேட்டுக்கு வந்த தண்ணீர்

மாஸ்கோ
4 பிப்ரவரி 2003

அன்புள்ள சல்கின் அக்காவுக்கு,

தம்பி எர்மெக்கின் ஸலாம். உடம்பு எப்படி இருக்கிறது? மாடும் கன்றும் நலமா? பனிக்காலத்தில் முழங்கால் வலி கூடிவிடுமே, ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு படுக்கிறீர்களா? என் பெண்டாட்டி பிள்ளைகள் உங்கள் வீட்டில் ஓர் அறையை அடைத்துக்கொண்டிருப்பதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அத்தான் உயிரோடு இருந்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். நீங்களும் சொல்ல மாட்டீர்கள். அதுதான் கூச்சம்.

எனக்கு இப்போது வேலை நிலத்துக்கு அடியில். புதிய சுரங்க ரயில் பாதை. காலையில் இறங்கினால் இருட்டிய பிறகுதான் மேலே வருவேன். இங்கே ஒரு வேடிக்கை. ஓர் அடி தோண்டுவதற்கு முன்னால் அங்கங்கே துளை போட்டுப் பார்க்கிறார்கள். மண் எப்படி, தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று குறித்துக்கொண்ட பிறகுதான் நாங்கள் கை வைக்கலாம். மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "என்னய்யா, கண்ணுக்கே தெரியாத எடத்துக்கு இவ்வளவு மரியாதையா?" அவர் சொன்னார்: "மேல குடியிருக்கிறது யாருன்னு தெரியுமா ஒனக்கு? அவங்க வீட்டு டீ கிளாஸ் ஆடுச்சுன்னா எனக்கு வேலை போயிடும்."

விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருவுக்கு மேலே இருக்கும் மேட்டை வீட்டுமனையாகப் பிரிக்கப்போவதாக ஊரிலிருந்து வந்த பஸ் டிரைவர் சொன்னான். கிராம மன்றத்தில் வரைபடம் போடுவது என் அக்கா அல்லவா? எனக்கும் ஒரு மனை பார்த்து வையுங்கள். சீக்கிரம் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுங்கள். ஆப்ரிகாட் மரம் வைக்க வேண்டும் என்று ஷாயிர் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தபால் ஆபீஸ் போனில் பேசினால் ஊர் முழுக்கக் கேட்கும். அதனால் எழுதுங்கள்.

உங்கள் கையால் பொரித்த போர்சோக் ரொட்டிக்கு ஏங்கும்
எர்மெக்


சாரி-ஜார்
9 மார்ச் 2003

அன்புத் தம்பி எர்மெக்குக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பசு ஈன்றுவிட்டது. உன் மகள் செய்தே கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவேன் என்கிறாள். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? அடியில் ஈரம் இருக்குமே, மார்புச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

உன் சுரங்கத்தைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன்.

மேட்டில் இதுவரை யாரும் குடியேறாததற்குக் காரணம் அங்கே தண்ணீர் இல்லாததுதான். இப்போது மலை ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி மேலே கொண்டுவரப் போகிறார்கள். வீட்டுக்கு ஒரு தோட்டம். நம் மஞ்சள் மண் உனக்குத் தெரியும். காய்ந்திருக்கும்வரை சுவர் மாதிரி நிற்கும். நனைந்தால் டீயில் போட்ட ரொட்டி. மேலே விடும் தண்ணீர் உள்ளே இறங்கும், அடிக் களிமண்ணில் முட்டும், பிறகு சரிவைப் பார்த்து நகரும். சரிவுக்குக் கீழே இருப்பது நம் தெரு. நானும், பக்கத்து வீட்டில் உன் நண்பன் ஜபாரும் அவன் மனைவி ஸய்னாப்பும் பிள்ளைகளும், அந்த வரிசையில் இன்னும் பலரும்.

தலைவர் அர்ஸிமாத்திடம் கேட்டேன்.

"அண்ணே, வரைபடத்துல வீடு இருக்கு, ரோடு இருக்கு, வாய்க்கால் இருக்கு. தண்ணி அடியில எங்க போகும்னு எங்க இருக்கு?"

"அதுக்குப் படிவத்துல எடமே இல்லையேம்மா."

"இல்லன்னா சேத்துக்குவோம். மாவட்டத்துல சொல்லி நாலு எடத்துல துளை போட்டுப் பாக்கட்டும். வாய்க்காலுக்குச் சிமென்ட் பூசட்டும். அப்புறம் நான் கையெழுத்துப் போடுறேன்."

"சல்கின், ஜனங்க வீடில்லாமக் கெடக்குறாங்க. துளை போட ஏது நேரம்?"

மாவட்டத்துக்கு எழுதியிருக்கிறேன். இலையுதிர் காலத்துக்குள் ஆள் அனுப்பலாம் என்றார்கள். அதுவரை நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. உன் மனையும் அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வருஷம் பொறு. அறை உன் பிள்ளைகளுக்கு எப்போதும் உண்டு.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்.
அக்கா


மாஸ்கோ
30 மார்ச் 2003

அக்காவுக்கு,

ஸலாம். நான் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். காலுறை வந்தது.

ஒரு வருஷம் பொறு என்று எழுதுவது சுலபம். இங்கே ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு படித்துப் பார்த்தால்தான் அந்த வார்த்தையின் நீளம் தெரியும். நான் வந்தபோது செய்தேக்குப் பல் விழவில்லை. இப்போது முளைத்தும் ஆகிவிட்டதாம்.

அது மாஸ்கோ, அக்கா. நம் ஊருக்கு யார் வந்து துளை போடப் போகிறார்கள்? இலையுதிர் காலம் என்றால் அடுத்த இலையுதிர் காலம், அதற்கடுத்தது. அதற்குள் மாவட்டத்தில் இருப்பவன் தன் மச்சான்களுக்கெல்லாம் மேட்டைக் கொடுத்துவிடுவான். எங்களுக்குச் சரிவும் கிடைக்காது. தாத்தா காலத்திலிருந்து அந்த மேடு அப்படியேதான் நிற்கிறது. ஒரு வாய்க்கால் தண்ணீரில் கரைந்து போய்விடுமா?

நீங்கள் படித்தவர். உங்களோடு வாதாட எனக்குத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரிந்தவர்களுக்கும் நான் எழுதுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
எர்மெக்


சாரி-ஜார்
21 ஜூன் 2003

எர்மெக்குக்கு,

சுகம். எல்லோரும் சுகம். உன் கடிதம் ஏப்ரலிலேயே வந்துவிட்டது. உருளைக்கிழங்கு போடும் வேலையில் பதில் எழுத முடியவில்லை.

மே மாதம் ஊர்க்கூட்டம் நடந்தது. பள்ளிக்கூட ஹாலில் நிற்க இடமில்லை. நான் பேசி முடித்ததும் ஜபார் எழுந்தான். "இது சல்கின் அக்காவோட சொந்தத் தம்பி எனக்கு எழுதின கடிதம். நான் சொன்னா நம்ப மாட்டீங்க, அவன் சொல்றதைக் கேளுங்க" என்று வாசித்தான். தலைக்கு மேல் கூரை உள்ளவர்களுக்கு அடுத்தவன் நனைவது தெரியாது, எங்கள் அக்காவாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன் என்று நீ எழுதியிருந்தாய். உன் எழுத்து நடை முன்னைவிட நன்றாக இருக்கிறது. பலர் கை தட்டினார்கள். பின் வரிசையிலிருந்து ஒருவர், "அக்கா, ஒங்க நிலத்தடிக் கதையைக் கல்லறைக்குப் போயி சொல்லுங்க, அங்கதான் எல்லாரும் அடியில இருக்காங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு வரும்போது ஸய்னாப் மட்டும் என்னோடு நடந்து வந்தாள். மறுநாள் காலையில் வழக்கம்போல் சுடச்சுட ரொட்டி கொடுத்தனுப்பினாள்.

வரைபட வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். மாவட்டத்திலிருந்து ஒரு பையன் வந்து ஒரே மத்தியானத்தில் கையெழுத்துப் போட்டான். உனக்கு மனை ஒதுக்கியாகிவிட்டது. விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, மலைப் பக்கம். அங்கே ஒன்றும் ஆகாது.

ஷாயிர் அடுத்த வாரம் மேலே போகிறாள், வீடு எழும்வரை கூடாரத்தில் இருப்பாளாம். என் அறை காலியாகிறது.

சல்கின்


மாஸ்கோ
17 ஆகஸ்ட் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

வணங்கி எழுதுகிறேன். முழங்கால் எப்படி? மாடு எப்படி? கோடைப் புல் போதுமா?

அந்தக் கடிதத்தை ஜபார் கூட்டத்தில் வாசிப்பான் என்று நான் நினைக்கவில்லை. எழுதியது எழுதியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவனுக்கென்று எழுதியது. மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஷாயிர் போட்டோ அனுப்பியிருக்கிறாள். களிமண் செங்கல்லில் இரண்டு அறை எழுந்துவிட்டது. வாய்க்கால் வாசலுக்கே வருகிறது. நாற்பது ஆப்ரிகாட் கன்றுகள், ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லையாம். போட்டோவை எங்கள் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தாஜிக் கிழவர் ஒருவர் தினமும் அதைப் பார்த்துவிட்டு, "ஒன் தோட்டத்துல எனக்கும் ஒரு மரம் எழுதி வையிடா" என்கிறார். முதல் வருஷம் தண்ணீரைக் குறைக்கக் கூடாது என்று ஷாயிருக்கு எழுதியிருக்கிறேன். மடை எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

பார்த்தீர்களா, மேடு கரையவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், விளையாட்டுக்குச் சொன்னேன்.

எப்போதும் உங்கள் தம்பி
எர்மெக்


சாரி-ஜார்
26 அக்டோபர் 2003

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். முதல் பனி விழுந்தது. உன் வீட்டுக்குக் கூரைத் தகடு போட்டாயிற்று. நான் போய்ப் பார்த்தேன். ஷாயிர் டீயும் தயிரும் வைத்தாள். ஆப்ரிகாட் கன்றுகள் நன்றாகத்தான் இருக்கின்றன, குறை சொல்ல ஒன்றுமில்லை.

வரைபட வேலை போனதிலிருந்து பள்ளியில் பாடம் எடுக்கிறேன். இந்த வருஷம் உருளைக்கிழங்கைப் பள்ளிக்கூடக் கிடங்கில் வைத்திருக்கிறேன். அங்கே இடம் சும்மா கிடக்கிறது. கடிதத்தையும் பள்ளி விலாசத்துக்கே போடு, தபால்காரருக்கு நடை மிச்சம்.

ஒரு சந்தேகம். உங்கள் சுரங்கத்தில் தண்ணீர் ஊறினால் எந்த மாதிரி பம்பு வைக்கிறீர்கள்? எடுக்க எடுக்க மறுபடி ஊறினால் என்ன செய்வார்கள்? சும்மாதான் கேட்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும்.

முடிந்தால் ஷாயிருக்கு எழுது: தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து விடலாம். மரத்துக்கும் அதுதான் நல்லது.

குளிரில் தலையை மூடிக்கொள்.
அக்கா


மாஸ்கோ
14 டிசம்பர் 2003

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பம்பைப் பற்றிக் கேட்டு என்னைப் பெரிய ஆளாக்கிவிட்டீர்கள். எங்கள் பம்பு ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி அளவு இருக்கும். நிறுத்தாமல் ஓடும். எடுக்க எடுக்க ஊறினால் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போய் அந்த இடத்தை அடைப்பார்கள். வரும் இடத்தை அடைக்காமல் எடுத்துக்கொண்டே இருப்பது முட்டாள்தனம் என்று மேற்பார்வையாளர் சொல்வார். பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லுங்கள்.

இங்கே இரண்டு வாரமாக வேலை இல்லை. எங்களுக்கு மேலே உள்ள ஒரு கட்டடத்தின் சுவரில் விரிசல் விட்டதாம். விரிசல் என்றால் நகம் நுழையாது. அதற்காக முழு வேலையையும் நிறுத்திவிட்டார்கள். கருவி வைத்து அளக்கிறார்கள், கூட்டம் போடுகிறார்கள், பத்திரிகையில்கூட வந்துவிட்டது. நாங்கள் கட்டிலில் உட்கார்ந்து சீட்டாடுகிறோம். ஒரு விரிசலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எங்களுக்கு எரிச்சல்.

தண்ணீரைக் குறைக்கச் சொன்னீர்கள். வரும் கோடை மட்டும் போகட்டும் அக்கா, வேர் பிடித்துவிடும்.

புத்தாண்டுக்கு என் முத்தங்கள்.
எர்மெக்


சாரி-ஜார்
29 பிப்ரவரி 2004

செய்தேயின் அப்பாவுக்கு,

ஷாயிர் எழுதுவது. பிள்ளைகள் நலம். நானும் நலம். உங்கள் அக்கா எழுதக் கூடாது என்று சொன்னதை எழுதுகிறேன், திட்டினால் திட்டிக்கொள்ளட்டும்.

செப்டம்பரிலிருந்து அக்கா வீட்டு நிலவறையில் தண்ணீர். முதலில் கணுக்கால், இப்போது இடுப்பு. வாளியில் இறைத்து இறைத்து அவர் தோள் போய்விட்டது. பின்பக்கச் சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல். கதவு மூடுவதில்லை. நவம்பரிலிருந்து அவர் பள்ளிக்கூடக் கிடங்கில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் படுக்கிறார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ தண்ணியை அடைப்ப. அடைச்சா மரம் காயும். மரம் காஞ்சா அவன் அங்க ஒடஞ்சி போயிடுவான். அப்புறம் ஒன் ஒருத்தி மடையை அடைச்சி என்ன ஆகப்போவுது? மேட்டுல எல்லா மடையும் திறந்துதான் கெடக்கு."

"எங்களோட வந்து இருங்கக்கா."

"அந்த மேட்டுல நான் படுக்க மாட்டேன்."

இன்னொன்று. மனைக்குச் சீட்டுக் குலுக்கியபோது நமக்கு விளிம்பில்தான் விழுந்தது. அக்கா அந்த மாவட்டப் பையனைத் தனியாகப் பார்த்துக் கெஞ்சி மலைப் பக்கம் மாற்றினார். யாரிடமும் எதற்கும் கெஞ்சாதவர். என் கண்ணால் பார்த்தேன்.

நான் நம் மடையை அடைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் நம் பங்கையும் சேர்த்துத் தங்கள் தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். பைத்தியக்காரி என்று என் காதுபடவே பேசுகிறார்கள்.

அக்கா கீழ்த்தெருவில் வீடு வீடாகப் போய்க் கிளம்பச் சொல்கிறார். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா? இந்தப் பனியில புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு எங்க போறது?" என்று ஜபார் கேட்டான். கிடங்கில் இன்னொரு குடும்பத்துக்குத்தான் இடம் இருக்கிறது.

சீக்கிரம் எழுதுங்கள்.
உங்கள் வீட்டாள்


மாஸ்கோ
21 மார்ச் 2004

அக்கா,

இன்று நோரூஸ் பண்டிகை. உங்களுக்கு ஸலாம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஷாயிரின் கடிதம் நேற்று வந்தது. பம்பைப் பற்றி நான் எழுதியதை நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றீர்களே. நானும் நம்பினேன். இங்கே நகம் நுழையாத விரிசலுக்கு நாங்கள் சீட்டாடிக்கொண்டிருந்தபோது நீங்கள் வாளியோடு நின்றிருக்கிறீர்கள்.

மேட்டில் தோட்டம் போட்டவர்களில் எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் எழுதியிருக்கிறேன், மடையை அடைக்கச் சொல்லி. ஜபாருக்கும் எழுதியிருக்கிறேன். போன தடவை என் கடிதத்தை ஊருக்கே வாசித்தாய், இதையும் வாசி என்று. பனி உருகுவதற்கு முன்னால் ஸய்னாப்பையும் பிள்ளைகளையும் கிடங்குக்கு அழைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள்.

வைத்துக்கொள்ள முடியாவிட்டால் என் வீட்டைத் திறந்துவிடுங்கள். யார் வேண்டுமானாலும் இருக்கட்டும்.

எர்மெக்


சாரி-ஜார்
16 மே 2004

அன்புத் தம்பி எர்மெக்குக்கு,

ஷாயிரும் பிள்ளைகளும் நலம். உன் வீட்டுச் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. நீ கேட்பதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் நோரூஸ் கடிதம் ஏப்ரல் கடைசியில்தான் கிடைத்தது. ஜபாருக்கு நீ எழுதியதும் அதே பையில் வந்தது.

சரிவு இறங்கியது ஏப்ரல் பத்தாம் தேதி, மத்தியானம். நல்ல வெயில். சத்தம் அவ்வளவு பெரிதாக இல்லை, லாரியிலிருந்து மணல் கொட்டுவது போலத்தான் இருந்தது. நான் பள்ளி முற்றத்தில் நின்றிருந்தேன். புழுதி அடங்கியபோது நம் வரிசையே காணோம். பெரிய பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள், ஆண்கள் மந்தையோடு போயிருந்தார்கள், பெண்களில் பலர் கிழங்கு நடப் போயிருந்தார்கள். அதனால் போனது இரண்டு பேர்தான் என்று மாவட்டத்தில் நல்லபடியாகச் சொல்கிறார்கள். ஸய்னாப் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் சின்ன மகள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். அதற்கு மூன்று நாட்களுக்கு முன்புதான் ஸய்னாப்பைக் கிடங்குக்கு வரச் சொன்னேன். "இந்த வாரம் ஆடு ஈனுதுக்கா, முடிஞ்சதும் வந்துடுறேன்" என்றாள்.

ஜபார் வெறும் கையால் இரண்டு நாள் தோண்டினான். நானும் தோண்டினேன். மண் உள்ளே சூடாறாத கஞ்சி மாதிரி இருந்தது.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். இந்த வருஷம் பனி அதிகம், இயற்கைச் சீற்றம் என்று எழுதிக்கொண்டார்கள். வாய்க்காலைப் பற்றிச் சொன்னேன். "அம்மா, வாய்க்கால் மேல இருக்கு. சரிஞ்சது கீழ. ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு ஒங்ககிட்ட ஆதாரம் இருக்கா?" என்று ஒருவர் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆதாரம் இல்லை. துளை போட்டிருந்தால் இருந்திருக்கும்.

போன வாரம் அர்ஸிமாத் கிடங்குக்கே வந்தார். வீடிழந்தவர்களைக் குடியேற்ற வேண்டும், மாவட்டப் பையன் வர மறுக்கிறான், நீயே வரைபடம் போட்டுக் கொடு என்றார். இடம் எது என்று கேட்டேன். அதே மேடு. உன் வீட்டுக்குப் பின்னால் உள்ள பகுதி.

"இந்தத் தடவையாவது அடியில பாப்போம் அண்ணே."

"சல்கின், ஜனங்க கூடாரத்துல கெடக்குறாங்க. நீ சொன்ன பயமெல்லாம் கீழ இருந்தவங்களுக்குத்தானே? இப்பத்தான் கீழ யாரும் இல்லையே."

ஜபார் கூடவே வந்திருந்தான். தாடி மழிக்கவில்லை. மூத்த பையன் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜபார் என்னைப் பார்க்காமல், "போட்டுக் குடுத்துடுங்கக்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். போன வருஷம் கடிதத்தை வாசித்த அதே குரல்தான்.

போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாளில் முடித்துவிட்டேன். படிவத்தில் இப்போதும் அடித் தண்ணீருக்கு இடமில்லை. நானும் சேர்க்கவில்லை.

நீ வர வேண்டாம். வந்து என்ன செய்யப் போகிறாய்? என்னை மேலே வந்து இருக்கச் சொல்லி ஷாயிர் தினமும் வருகிறாள். எனக்குக் கிடங்கே போதும். உனக்கு எழுத ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அவள் இன்னும் உங்கள் மடையை அடைத்தே வைத்திருக்கிறாள். கன்றுகள் இலை சுருண்டுவிட்டன, இன்னும் பத்து நாள் தாங்காது. அர்ஸிமாத் சொன்னதில் தப்பில்லை, கீழே இப்போது யாரும் இல்லை, நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். திறந்துவிடச் சொல். நன்றாகவே விடட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
சல்கின்